சூழல் மெய்யியல்: திருமலையில் இருந்து யோசிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் திருகோணமலைக் கடற்கரையில் குப்பை பொறுக்குவதும் சொப்பிங் பையைக் குறைப்பதும் நல்ல வேலைகள்தான். ஆனால் இயற்கையோடு மனிதருக்கு உள்ள உறவையும் கடமையையும் பற்றி யோசிக்கும் சூழல் மெய்யியல் என்றால் அவ்வளவுதான் என்று எண்ணி நின்றுவிடுவது முதல் தவறு. நோர்வே நாட்டு மெய்யியலாளர் ஆர்னே நேஸ் 1973இல் எழுதிய கட்டுரையில் இரண்டு மட்டங்களைப் பிரித்துக் காட்டினார். மாசையும் வளங்கள் தீர்வதையும் மனிதரின் சுகத்துக்காக மட்டும் எதிர்ப்பது மேல்மட்டம். மற்ற உயிர்கள் நமக்குப் பயன்படாவிட்டாலும் அவற்றுக்கு மதிப்பு உண்டா, நமக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்று கேட்டுக்கொண்டு இறங்குவது ஆழமட்டம்.

நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலை என்ற சிறு தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 முதல் அது தேசியப் பூங்கா. அங்குள்ள பவளப்பாறையை ஏன் காக்க வேண்டும் என்று கேட்டால், சுற்றுலா வருமானம் என்ற பதில்தான் முதலில் வரும். சரி, வருமானம் வேண்டியதுதான். ஆனால் பாறையின் மதிப்பு அது ஒன்றுதான் என்றால், அதே வருமானத்துக்காகக் கூடுதல் ஆட்களை இறக்கிப் பவளத்தைக் காலால் மிதிக்க விடுவதையும் நியாயம் என்று சொல்லிவிடலாம். ‘ஏன்’ என்ற கேள்வியை ஒரு படியோடு நிறுத்தினால் இதுதான் நடக்கும்.

யாரோ ஒருவருடைய கொள்கையை அப்படியே தூக்கிப் போட்டுக்கொள்வது இன்னொரு தவறு. நேஸ் தன் சிந்தனைக்குத் தன்னுடைய மலைக்குடிலின் முதலெழுத்தை வைத்தே பெயரிட்டார். மற்றவர்கள் தங்கள் இடத்தில் இருந்து தங்களுக்கானதை உருவாக்க வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. இதற்கு நேர் எதிரான தவறும் நம்மிடம் உண்டு: முன்னோருக்கு எல்லாம் தெரியும், நாம் புதிதாக யோசிக்க எதுவும் இல்லை என்பது. சம்பந்தர் பாடிய காலத்திலிருந்தே கோணமலையும் அதன் கடலும் நம் பாட்டில் இருக்கின்றன. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் மலையடிக் கடலில் எதைக் கொட்டலாம், எதைக் கொட்டக் கூடாது என்பதை இன்றைக்கு இருக்கும் நாம்தான் முடிவெடுக்க வேண்டும்.

இரக்கத்தையும் சூழல் அறத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரெட்ரிக் கோட்டையைச் சுற்றித் திரியும் புள்ளிமான்கள் திருமலைக்கே ஓர் அழகு. கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் அன்போடு கையில் இருப்பதைக் கொடுக்கிறார்கள். மான்களும் பழகிவிட்டன. தெருவுக்கு வருகின்றன, குப்பையைக் கிளறுகின்றன, உணவு வாசம் ஒட்டிய பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன. அது இரைப்பையில் தங்கிவிட்டால் மான் மெல்ல மெல்லப் பட்டினியில் சாகும். ஒவ்வொரு கையும் நல்ல மனதோடுதான் நீள்கிறது. கூட்டாகப் பார்த்தால் அது கேடாக முடிகிறது.

அமெரிக்க வனவியலாளர் அல்டோ லியோபோல்ட் மான்களை வைத்தே தன் பாடத்தைக் கற்றார். இளவயதில், ஓநாய் குறைந்தால் மான் பெருகும், அது நல்லது என்று நம்பி ஓநாயைச் சுட்டவர் அவர். ஓநாய்கள் ஒழிந்த மலைகளில் மான்கள் பெருகிச் செடிகொடிகளை மொட்டையாக்கி, கடைசியில் தாங்களும் பசியால் மடிந்ததைப் பிறகு பார்த்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1949இல் வெளிவந்த நூலில் மண், நீர், செடி, விலங்கு எல்லாம் சேர்ந்த சமூகத்தில் மனிதனும் ஓர் உறுப்பினன் என்று எழுதியிருந்தார். ஆகவே கோட்டை மானுக்கு வாழைப்பழம் கொடுக்கலாமா என்ற கேள்வியோடு, அது மேய்வதற்கு எவ்வளவு புல்வெளி மிஞ்சியிருக்கிறது, நகரத்துக் குப்பை எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

ஆனால் இந்த மாவட்டத்தில் அதிகக் காயம் உண்டாக்கக்கூடிய தவறு வேறு. இயற்கை என்றால் மனிதர் இல்லாத இடம் என்று எண்ணுவதுதான் அது. இந்திய வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகா 1989இல் இதைக் கடுமையாக விமர்சித்தார். ஆளில்லாத காட்டைக் காக்கும் அமெரிக்கச் சிந்தனையை ஏழை நாடுகளுக்குக் கொண்டுவந்தால், காட்டை நம்பி வாழ்பவர்கள்தான் வெளியேற்றப்படுவார்கள் என்பது அவர் வாதம். நமக்கு இது வெறும் வாதமல்ல. போரில் இடம்பெயர்ந்து பல வருடம் கழித்துத் திரும்பியவர்கள், பற்றை மூடிய தங்கள் வயலைக் காடு என்று இன்னொருவர் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய் மரத்தின் உரிமையை மட்டும் பேசுவது அநியாயம்.

நேஸும் அமெரிக்க மெய்யியலாளர் ஜோர்ஜ் செஷன்ஸும் ஆழமட்டச் சிந்தனைக்கு 1984இல் வகுத்த எட்டு அம்சங்களில் ஒன்று, உயிர்களின் வளத்தைக் குறைக்கும் உரிமை மனிதருக்கு இல்லை என்கிறது. ஆனால் இன்றியமையாத தேவைக்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கை மறந்துவிட்டுப் படிப்பவர்கள் கரைவலைக்காரரையும் விறகு வெட்டுபவரையும்தான் முதலில் குற்றம் சாட்டுகிறார்கள். மணற்பாங்கான கரையோரத்தில் விடுதியின் நீச்சல் தடாகத்துக்காக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தால் பக்கத்துக் கிணறுகள் உவராகிவிடும். அது யாருடைய இன்றியமையாத தேவை? அதற்காக ஏழை செய்வதெல்லாம் சரி என்றும் ஆகாது. டைனமைட் போட்டு மீன் பிடிப்பவர் வீட்டிலும் பசி இருக்கலாம். ஆனால் குஞ்சும் முட்டையும் பாறையும் சேர்ந்து சிதறிய இடத்தில் அடுத்த வருடம் அவருக்கே மீன் கிடைக்காது. 2016இல் கைவிடப்பட்ட சம்பூர் அனல் மின்நிலையத் திட்டத்தைப் பேசியபோது, கொட்டியாரக் குடாவின் நீரையும் இடம்பெயர்ந்தவர்களின் காணியையும் சேர்த்துப் பேச வேண்டியிருந்தது. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் பேச்சு பாதிதான்.

‘நம்ம இடம்’ என்பதை மாவட்ட எல்லையோடு முடித்துக்கொள்வதும் தவறு. மலைநாட்டில் பிறக்கும் மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. மேலே வயலில் போடும் உரம் இங்கே வந்து சேரும். இன்னொரு பக்கம், துறைமுக வாயிலை ஒட்டியே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழமாக இறங்குவதால் நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருகின்றன. கடலில் நம் எல்லை எங்கே முடிகிறது என்று அவற்றிடம் கேட்க முடியாது.

அப்புறம், விழுமியத்தையும் தகவலையும் கலந்துவிடுவது. நேஸ் தன் கொள்கையை எழுதும்போது, இப்படி இருக்க வேண்டும் என்ற வாக்கியங்களுக்கு ஆச்சரியக்குறி போட்டார். உலகம் இப்படி இருக்கிறது என்ற வாக்கியங்களைத் தனியே வைத்தார். இது ஏன் முக்கியம் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரமெங்கும் ஆர்வத்தோடு, உவர்நீர்க் கரையில் வளரும் கண்டல் மரங்களை நட்டார்கள். 2017இல் வெளியான ஆய்வொன்று 23 இடங்களைப் பார்த்தது. ஏறத்தாழ 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட முயன்றதில் சுமார் 200 ஹெக்டேயர்தான் தேறியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்று கூட மிஞ்சவில்லை. உப்புத்தன்மை, தண்ணீர் ஏறி இறங்கும் மட்டம், எந்த இனம் எங்கே பிடிக்கும் என்பதையெல்லாம் பார்க்காமல் நட்டது முக்கியக் காரணம்.

கரை உயிரோடு இருக்க வேண்டும் என்பதில் அப்படி நட்டவர்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அது ஆச்சரியக்குறி போட வேண்டிய வாக்கியம்தான். இந்தக் களப்பின் ஓரத்தில் இந்தக் கன்று பிழைக்குமா என்பது வேறு வகை வாக்கியம். அதற்கான பதிலை அந்தக் களப்பில் இறால் பிடிப்பவரிடமும் தாவரவியல் படித்தவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மண்வெட்டியை எடுக்க வேண்டும்.