எந்த மயக்கம்? மும்பையில் தமிழ் மட்டுமே தெரிந்தவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் முறை

திருநெல்வேலியிலிருந்து மும்பையின் சயான் பகுதியில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்திருந்த அம்மாவை, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். “காலையில எந்திரிச்சா மயக்கமா வருது” என்றுதான் அம்மா சொன்னார். நான் அதை “பேஹோஷ் ஹோ ஜாத்தி ஹைன்” என்று இந்தியில் எடுத்துச் சொன்னேன். நினைவு தப்பிவிடுகிறது என்பது அதன் பொருள். மருத்துவர் உடனே மூளை ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு மலையாளச் செவிலியர் அரைகுறைத் தமிழில் “கீழே விழுந்தீங்களா அம்மா?” என்று கேட்க, “நான் எங்கம்மா விழுந்தேன், தலை சுத்துச்சு, கட்டில புடிச்சுக்கிட்டேன்” என்று அம்மா பதில் சொன்னபோதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. நான் சொல்லியிருக்க வேண்டியது “சக்கர் ஆத்தா ஹை” (தலை சுற்றுகிறது). படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்து, பிரஷர் மாத்திரையின் அளவைக் குறைத்ததோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

இந்தி நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் இத்தகைய பிழை நேரும். ஆகவே மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவே, நோயாளி சொல்வதை அவருடைய சொற்களிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் சொல்லுக்கு அவர் கொள்ளும் பொருளைக் கேட்டுப் பிரித்தெழுதுங்கள். ‘மயக்கம்’ என்றால் தலைச்சுற்றலா, கண் இருட்டுவதா, நினைவு தப்புவதா என்று கேட்க வேண்டும். ‘இழுப்பு’ இன்னும் ஆபத்தான சொல். சிலர் அதை மூச்சிரைப்புக்கும் சிலர் வலிப்புக்கும் வழங்குகிறார்கள். ‘உடம்பு சூடு’ என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் காய்ச்சலைக் குறிப்பதில்லை, நீர்க்கடுப்பையோ கண் எரிச்சலையோ மனத்தில் வைத்துத்தான் சொல்கிறார்கள்; அதைக் காய்ச்சல் என்று மொழிபெயர்த்தால் மருத்துவரின் கேள்விகளே வேறு திசையில் போய்விடும். நெஞ்சைத் தொட்டுக் காட்டுபவரிடம் வலியா, எரிச்சலா, பாரம் வைத்தாற்போல் அழுத்துகிறதா, படபடப்பா என்று நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். எப்போது தொடங்கியது, நாளுக்கு எத்தனை முறை வருகிறது, எதைச் செய்தால் கூடுகிறது என்பவற்றை அதன் கீழே எழுதினால் போதும்.

அடுத்தது அந்தச் சொற்களுக்கு ஊர் வழக்கைக் கண்டுபிடிப்பது. தலைச்சுற்றலுக்குச் ‘சக்கர்’, வாந்திக்கு ‘உல்டி’ என்பவை இந்தியிலும் மராத்தியிலும் செல்லும். காய்ச்சல் இந்தியில் ‘புகார்’, மராத்தியில் ‘தாப்’. இருமல் ‘காசி’, ‘கோக்லா’. வயிற்றுப்போக்கு ‘தஸ்த்’, ‘ஜுலாப்’. மூச்சு வாங்குவதை இந்தியில் ‘சாஸ் ஃபூல்னா’ என்றும் மராத்தியில் ‘தம் லாக்ணே’ என்றும் சொல்கிறார்கள். கால் மரத்துச் சுருசுருவென்று இருப்பதை மராத்தியில் எறும்பு வருகிறது என்ற பொருளில் ‘முங்க்யா யேணே’ என்கிறார்கள். ‘எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு’ என்று நம் பாட்டிமார் சொல்வதும் அதையேதான்.

மொழிபெயர்க்க யாரை அழைத்துப் போவது என்பதை அவசரத்தில் முடிவு செய்யக் கூடாது. தமிழர்கள் நிறைய வாழும் தாராவியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இந்தியும் மராத்தியும் சரளமாகப் பேசுவதால், தாய்மார்கள் அவர்களையே கூட்டிச் செல்வது வழக்கம். சளி, காய்ச்சலுக்கு அது பரவாயில்லை. மாதவிடாய், கர்ப்பம், கட்டி போன்றவற்றுக்குப் பத்து வயதுப் பையனை நடுவில் நிறுத்தினால், தாய் பாதியை மறைப்பார், பையன் மீதியை விழுங்குவான். உடன் வர ஆள் இல்லையென்றால், தமிழும் இந்தியும் தெரிந்த உறவினர் ஒருவரை அந்த நேரத்தில் தயாராக இருக்கச் சொல்லி, மருத்துவரின் அனுமதியோடு கைப்பேசியை ஸ்பீக்கரில் வைத்துப் பேசலாம். சயான் மருத்துவமனை தாராவியை ஒட்டி இருப்பதால் கேஸ் பேப்பர் (நோயாளி பதிவுச் சீட்டு) வரிசையிலேயே தமிழ் காதில் விழும், மற்ற இடங்களில் “கோயி தமிழ் போல்தா ஹை க்யா?” (யாராவது தமிழ் பேசுவீர்களா?) என்று வாய்விட்டுக் கேட்கத் தயங்க வேண்டாம். கேரளச் செவிலியர்கள் பல மருத்துவமனைகளில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நம் தமிழ் ஓரளவு புரியும். ஆனால் மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மொழிபெயர்ப்பவர் செய்யக் கூடாதது, நோயாளிக்குப் பதிலாகத் தானே விடை சொல்வது. “மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?” என்று மருத்துவர் கேட்டால், மகன் “ஆமாம்” என்று முந்திக்கொள்கிறான், இரண்டு வாரமாக நிறுத்திவிட்டது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். இன்னொரு சங்கடம் நம் தலையாட்டல். புரியாவிட்டாலும் மரியாதைக்காகத் தலையை ஆட்டுவது நம் பெரியவர்களின் பழக்கம், மருத்துவர் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்வார். எனவே ஆலோசனை முடிந்து எழுவதற்கு முன், எந்த மருந்தை எப்போது சாப்பிட வேண்டும் என்பதை நோயாளியைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லி, அதை மருத்துவரிடம் மொழிபெயர்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நாள், வேளைக் கணக்குகளை எண்ணால் எழுதித் தரச் சொல்வது நல்லது. இந்தியில் ‘சாத்’ 7, ‘ஆட்’ 8, இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும்.

மருந்துச் சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று. சில மருத்துவர்கள் OD (ஓடி), BD (பீடி), TDS (டிடிஎஸ்) என்று எழுதுவார்கள். முறையே நாளுக்கு ஒரு வேளை, இரு வேளை, மூன்று வேளை. SOS (எஸ்ஓஎஸ்) என்பது தேவைப்பட்டால் மட்டும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு அட்டையின் மேலும் ‘காலை, சாப்பாட்டுக்குப் பிறகு’ என்று தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை அட்டைகளைப் பையோடு மருத்துவர் மேசையில் வைப்பதும் அவசியம், ஏனெனில் டோலோவும் கால்பாலும் பெயரில்தான் வேறு, இரண்டும் பாராசிட்டமால்.

இரத்தப் பரிசோதனைக்குக் ‘காலி பேட்’ என்றோ ‘உபாஷி போட்டி’ என்றோ சொன்னால் வெறும் வயிற்றில் வர வேண்டும் என்பது பொருள். காபி சாப்பாட்டில் சேராது என்பது என் அம்மாவின் உறுதியான கருத்து. அதனால் இப்போதெல்லாம் “தண்ணியத் தவிர வேற ஒண்ணும் கிடையாது, காபியும் கிடையாது” என்று பெயர் சொல்லியே விலக்குகிறேன்.

கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலிகளைக் கவுன்டரில் வழி கேட்கவும் நேரம் கேட்கவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ், இந்தி, மராத்தி மூன்றையும் முன்கூட்டியே இறக்கி வைத்தால் இணையம் கிடைக்காத அடித்தளத்திலும் வேலை செய்யும். நோய்க்குறிகளைச் சொல்ல நான் அதை நம்புவதில்லை. வேறு வழியே இல்லையென்றால், ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தியை மட்டும் சொல்லி, வந்த இந்தியை மறுபடி தமிழாக்கிப் பார்த்த பிறகே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில், தமிழில் விளக்கம் கேட்காமல் கையெழுத்திடக் கூடாது. தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளிகள் உரிமைச் சாசனம், நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்கம் பெறுவதை உரிமையாகவே குறிப்பிடுகிறது. விளக்கியவர் உறவினரானால், அவர் பெயரையும் தமிழில் விளக்கினார் என்பதையும் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

அவசரத்திற்கு மகாராஷ்டிரத்தில் 108ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். அந்த நேரத்தில் அம்மா வீட்டில் தனியாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்தான் அழைக்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டுக் கதவின் உட்புறத்தில் முகவரி, அம்மாவின் வயது, சாப்பிடும் மருந்துகள், பென்சிலின் ஒவ்வாமை, என் எண் ஆகியவற்றை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். “சாத்தி மே தர்த்” (நெஞ்சு வலி), “சாஸ் நஹீ ஆ ரஹீ” (மூச்சு வரவில்லை) என்ற இரண்டு வாக்கியங்கள் மட்டும் அதே தாளில் பெரிய தமிழ் எழுத்தில் இருக்கின்றன.