காட்டு வான்கோழி வேட்டை: முதலில் நண்பரோடு, பிறகு தனியாக

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் பெரும்பாலும் எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். யாரோடு போவது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் கோழி கிடைப்பதும், நீங்கள் பத்திரமாகத் திரும்பி வருவதும் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. என் பரிந்துரை இது: முதலில் அனுபவமுள்ள ஒருவரோடு ஒரே மரத்தடியில் உட்காருங்கள். அது கைவந்த பிறகு அதே நண்பரோடு, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகப் பிரிந்து உட்காருங்கள். தனி வேட்டை அதற்கும் பிறகு. மிசௌரி மாநிலத்தை வைத்து எழுதுகிறேன். மற்ற மாநிலங்களில் தேதி, நேரம், எண்ணிக்கை எல்லாம் வேறாக இருக்கும். உங்கள் மாநிலத்தின் அந்தந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: காகித வேலை

மிசௌரியில் 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். முடிக்காதவர்களுக்கு 'அப்ரென்டிஸ்' அனுமதி என்று ஒன்று உண்டு. ஆனால் சான்று பெற்ற ஒரு பெரியவரின் பக்கத்திலேயே இருந்துதான் வேட்டையாட முடியும். அதாவது பயிற்சி முடிக்காமல் தனியாகப் போகாதே என்று சட்டமே சொல்கிறது. அனுமதி கையில் இருந்தாலும் பயிற்சியை முடித்துவிட்டுப் போவதே நல்லது.

அடுத்தது, விசா. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாமல் நண்பரின் துப்பாக்கியைச் சும்மா வாங்கிப் பார்ப்பதுகூடச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம். அதனால் லைசென்ஸ் முதலில், துப்பாக்கியைத் தொடுவது பிறகு. குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

படி 2: பறவையைத் தெரிந்துகொள்ளுங்கள்

காட்டு வான்கோழிக்கு மோப்ப சக்தி மிகக் குறைவு. கண்ணும் காதும் அபாரம். தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றியுள்ள பெரும்பகுதியைப் பார்த்துவிடும், நிறங்களும் தெரியும். நீங்கள் மூக்கைச் சொறிவதை அது கண்டுவிட்டால் 'புட்' என்று ஒரு கூர்மையான ஒலி கேட்கும். அத்தோடு அன்றைய வேட்டை முடிந்தது.

வசந்த காலத்தில் மிசௌரியில் சேவலையும், நெஞ்சில் தாடி தொங்கும் கோழியையும் மட்டுமே சுடலாம். அந்தத் தாடி பார்க்கக் கருப்பு முடிக்கற்றை போல இருக்கும். அபூர்வமாகச் சில பெட்டைகளுக்கும் அது உண்டு. இரவில் கோழிகள் மரத்தில் அடையும். விடியும் நேரத்தில் சேவல் மரத்திலிருந்தே கூவும். அந்தக் குரலைக் கேட்டுப் பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும். வேட்டைக்காரன் செய்வது இதற்கு நேர் எதிர்: பெட்டையின் குரலைக் கொடுத்துச் சேவலைத் தன்னிடம் வரவழைக்கிறான். அதனால்தான் பல சேவல்கள் அறுபது, எழுபது கஜ தூரத்தில் நின்றுவிடும். வாலை விசிறியாக விரித்து ஆடிக்கொண்டு, பெட்டை வரட்டும் என்று காத்திருக்கும். துப்பாக்கிக்கு அது தொலைவு. இந்தப் பிடிவாதத்தை எப்படி உடைப்பது என்பதில்தான் இருவர் வேட்டையும் தனி வேட்டையும் வேறுபடுகின்றன.

படி 3: துப்பாக்கியும் குரல் கருவியும்

இதில் அதிகம் குழம்ப வேண்டாம். 12 கேஜ் அல்லது 20 கேஜ் (குழல் அளவு) ஷாட்கன், ரவை அதிகம் சிதறாமல் குழல் முனையைக் குறுக்கும் இறுக்கமான சோக், 4-ஆம் எண் அல்லது அதைவிடச் சிறிய ரவை (எண் கூடக் கூட ரவை சிறிதாகும்). மிசௌரியில் 4-ஐ விடப் பெரிய ரவைக்கு அனுமதி இல்லை. காகிதத்தில் 40 கஜத்தில் சுட்டுப் பாருங்கள். பத்து அங்குல வட்டத்துக்குள் சுமார் நூறு ரவை விழுந்தால் அந்தத் தூரம் உங்கள் எல்லை. விழாவிட்டால் 30 கஜத்துக்கு வந்துவிடுங்கள். குறி வைக்க வேண்டிய இடம் தலையும் கழுத்தும். உடம்பில் சுட்டால் காயம்பட்ட கோழி ஓடிப்போய்ப் புதரில் சாகும்.

குரல் கருவிகளில் மரப்பெட்டி வகை எளிது, ஒரே நாளில் பழகிவிடலாம். வட்டக் கல்லின் மேல் குச்சியால் உரசும் வகையில் ஒலி இன்னும் இயல்பாக வரும். இவை இரண்டுக்கும் இரண்டு கையும் வேண்டும். வாய்க்குள் மேலண்ணத்தில் வைத்து ஊதும் வகைக்குக் கை வேண்டாம், ஆனால் பழகப் பல வாரம் ஆகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தனி வேட்டையில் இது பெரிய விஷயமாகிவிடும்.

படி 4: ஒரே மரத்தடியில் இருவர், ஒரே துப்பாக்கி

முதல் சீசனுக்கு ஒரு துப்பாக்கி போதும். அது புதியவர் கையில் இருக்கட்டும். நண்பர் குரல் கொடுப்பார், தூரம் சொல்வார், 'பொறு' என்பார். இரண்டு துப்பாக்கி கொண்டுபோனால் யார் சுடுவது என்ற தயக்கம் வரும், கூடவே ஆபத்தும் வரும்.

முந்தின நாள் மாலை இருட்டும் வேளையில் போய் ஆந்தை போலக் கூவிப் பாருங்கள். சேவல் சிலிர்த்துப் பதில் கூவினால் அது அடைந்திருக்கும் இடம் தெரிந்துவிடும். மறுநாள் சூரியன் உதிக்க ஒரு மணி நேரத்துக்கு முன்பே, அந்த மரத்திலிருந்து நூறு, நூற்றைம்பது கஜத்தில் சத்தமில்லாமல் போய் உட்காருங்கள். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து சுடலாம். பொது நிலங்களில் பகல் 1 மணியோடு நிறுத்த வேண்டும்.

தோள் அகலத்தைவிடப் பெரிய அடிமரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்து உட்காருங்கள். முதுகுக்கும் பாதுகாப்பு, உங்கள் உருவமும் மறையும். வலது கைக்காரர் என்றால் இடது தோள் கோழி வரும் திசையைப் பார்க்க வேண்டும். குழலை இடமும் வலமும் திருப்ப அதிக இடம் கிடைக்கும். நண்பர் உங்கள் வலப்பக்கம், தோளை ஒட்டிச் சற்றே பின்னால் உட்காரட்டும். அங்கிருந்து அவர் கிசுகிசுப்பது உங்கள் காதில் விழும், துப்பாக்கியின் வாயும் அவர் பக்கம் போகாது. முழங்காலை உயர்த்தி அதன்மேல் துப்பாக்கியைத் தாங்கிக்கொள்ளுங்கள். சேவலின் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும்போது மட்டும் அசையுங்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. இரண்டு உடம்பு, இரண்டு மடங்கு அசைவு. பேச்சு வளர்ந்துவிடும். சேவல் கூவுவதை நிறுத்தியதும் 'போய்விட்டது' என்று எழுந்துவிடத் தோன்றும். பெரும்பாலும் அது சத்தமில்லாமல் நடந்து வந்துகொண்டிருக்கும். கடைசிக் கூவலுக்குப் பிறகு குறைந்தது அரை மணி நேரம் கல்லாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பிரிந்து உட்காருதல்

நண்பரோடு போவதன் முழுப் பலனும் இங்கேதான் கிடைக்கிறது. சுடுபவர் முன்னால், குரல் கொடுப்பவர் அவருக்கு முப்பது, நாற்பது கஜம் பின்னால். சேவல் வழக்கம்போல் குரலிலிருந்து அறுபது, எழுபது கஜத்தில் நின்று ஆடும். ஆனால் முன்னால் இருப்பவருக்கு அது இப்போது முப்பது கஜம்தான். நிற்கும் இடம் அதேதான், கணக்கு மாறிவிட்டது. அது இன்னும் தள்ளி நின்றால், குரல் கொடுப்பவர் மெல்லப் பின்வாங்கிக்கொண்டே ஊதலாம். பெட்டை தன்னை விட்டுப் போகிறதோ என்று எண்ணிச் சேவல் நாலடி முன்னால் வரும். அது ஒரு பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் நகர்ந்து ஊதி, சுடுபவரின் முன்னால் வரும்படி திருப்பலாம். சருகைக் காலால் கிளறினால் கோழி மேய்வது போலவே கேட்கும். இவற்றில் எதையும் தனியாக இருப்பவரால் செய்ய முடியாது.

சரி, இப்போது ஆபத்தைப் பேசுவோம். இருவரும் தலை முதல் கால் வரை காட்டோடு கலந்து மறையும் கேமோ உடையில் இருக்கிறீர்கள். வசந்த வான்கோழி வேட்டைக்கு மிசௌரியில் ஆரஞ்சு உடை கட்டாயம் இல்லை. ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியமாட்டார். போதாக்குறைக்கு ஒருவர் அச்சாகக் கோழி போலவே கத்திக்கொண்டிருக்கிறார். ஆகவே பிரிவதற்கு முன் இவற்றை வாய்விட்டுப் பேசி ஒப்புக்கொள்ளுங்கள்:

- சுடுபவருக்கு முன்பக்க அரைவட்டம் மட்டுமே சொந்தம். சேவல் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால், எவ்வளவு பெரிய சேவலாக இருந்தாலும் போகட்டும்.
- முன்னால் இருப்பவர் தன் இடத்தை விட்டு நகரவே கூடாது. நகர்ந்தே ஆக வேண்டுமென்றால் வாயால் பேசி, பதில் வந்த பிறகுதான்.
- பின்னால் இருப்பவர் எந்த எல்லைக்குள் நகரலாம் என்பதை மரத்தையோ ஓடையையோ காட்டி முடிவு செய்யுங்கள். சுடுபவரின் கோட்டைத் தாண்டி அவர் முன்னால் வரவே கூடாது.
- வெடிச்சத்தம் கேட்டதும் ஓடி வராதீர்கள். துப்பாக்கியின் சேஃப்டி பூட்டைப் போட்டுவிட்டுச் சுடுபவர் குரல் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் எழலாம்.

சேவலின் தலை வசந்தத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மாறி மாறித் தெரியும். இந்த மூன்று நிறமும் உங்கள் உடம்பில் எங்கும் இருக்கக் கூடாது. சாக்ஸ், உள்சட்டைக் கழுத்து, கைக்குட்டை எல்லாம் இதில் சேரும். முன்பின் தெரியாத வேட்டைக்காரர் யாராவது உங்கள் பக்கம் நடந்து வந்தால் கையை ஆட்டாதீர்கள், கோழிக் குரலும் கொடுக்காதீர்கள். அசையாமல் இருந்து மனிதக் குரலில் சத்தமாகப் பேசுங்கள். எங்கோ ஒரு சேவல் கூவுகிறது என்று அதை நோக்கிப் பதுங்கிப் போவதும் வேண்டாம். அந்தக் கூவல் இன்னொரு மனிதனுடையதாக இருக்கலாம். சேவலின் வால் விசிறியை முகத்துக்கு முன் பிடித்தபடி ஊர்ந்து போகும் முறையைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். பொது நிலத்தில் அதை நினைக்கவே நினைக்காதீர்கள்.

படி 6: தனியாக

தனி வேட்டையின் ருசி வேறு. பேச யாரும் இல்லாததால் காது திறக்கிறது. சேவல் ஆடும்போது அடிவயிற்றிலிருந்து எழும் அந்தத் தணிந்த அதிர்வொலி, துணையோடு இருக்கும்போது கேட்காமலே போய்விடும். எங்கே உட்காருவது, எப்போது ஊதுவது, எப்போது கிளம்புவது, எல்லா முடிவும் உங்களுடையது. காட்டைப் படிக்க இதுபோல வேறு பள்ளிக்கூடம் இல்லை.

ஆனால் சேவல் தேடி வருவது உங்கள் குரலை, வந்து சேர்வது உங்கள் மரத்துக்கு. பின்னால் ஆள் இல்லாத குறையை நிலத்தை வைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். மேட்டின் விளிம்புக்குச் சற்றுக் கீழே, அல்லது பாதை திரும்பும் வளைவுக்கு இப்பால் உட்காருங்கள். பெட்டை எங்கே என்று சேவல் எட்டிப் பார்க்கும் முதல் நொடியிலேயே அது 35 கஜத்துக்குள் இருக்க வேண்டும். நூறு கஜம் வெட்டவெளி தெரியும் இடம் கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் சேவலும் அங்கிருந்தே பார்த்துவிட்டு நின்றுவிடும். தலையைத் திருப்பி, கையைக் குவித்துப் பின்பக்கமாக ஊதினால் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்கும். குறைவாக ஊதுங்கள். சேவல் கண்ணில் பட்ட பிறகு பெட்டிக்கும் கல்லுக்கும் வேலை இல்லை. வாய்க் கருவி கைவந்திருந்தால் மட்டும் மெல்ல ஒரு ஒலி.

பெட்டைப் பொம்மை ஒன்றை இருபது கஜத்தில் நட்டால் சேவலின் கண் உங்களை விட்டு அதன்மேல் போகும். பொம்மையை யாராவது நிஜம் என்று சுட்டால் அந்தக் கோட்டில் நீங்கள் இருக்கக் கூடாது. அதைப் பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள். பையில் கொண்டுபோகும்போது அதன் தலை வெளியே தெரியக் கூடாது.

தனியாகப் போகும் நாளில் எந்த இடம், எங்கே வண்டி நிற்கும், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மிசௌரியில் உள்ள மார்க் ட்வெய்ன் தேசியக் காட்டின் பல பள்ளங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. உடைக்கு பெர்மெத்ரின் என்ற உண்ணி மருந்தைத் தெளித்துக் காயவைத்துப் போடுங்கள். அங்குள்ள லோன் ஸ்டார் உண்ணி கடித்துச் சிலருக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சியே ஒவ்வாமல் போய்விடுகிறது. துணை இருந்தால் முதுகைப் பார்த்துச் சொல்வார். தனியாகப் போனால் வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்று நீங்களே தேட வேண்டும்.

படி 7: கோழி விழுந்த பிறகு

டேக் (சுட்ட கோழிக்கான அனுமதிச் சீட்டு) வேலையை அந்த இடத்திலேயே முடியுங்கள். அன்றிரவு 10 மணிக்குள், சுட்ட கோழியை மாநிலத்துக்குத் தெரிவிக்கும் டெலிசெக் முறையில் பதிவு செய்ய வேண்டும். சுட்டவரின் டேக் மட்டுமே செல்லும். நண்பர் டேக் மிச்சமிருக்கிறது என்று அதை மாட்டுவது குற்றம். கோழியை ஆரஞ்சுப் பையில் போட்டோ, ஆரஞ்சுத் துணியால் சுற்றியோ தூக்கி வாருங்கள். தோளில் தொங்கும் கோழியின் தலை தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு உயிருள்ள சேவலாகத் தெரியும்.

குரல் கொடுத்தவருக்குப் பாதி இறைச்சி என்பது நானும் என் நண்பர்களும் கடைப்பிடிக்கும் வழக்கம். கொடுக்கும் பொட்டலத்தின் மேல் சுட்டவரின் பெயர், முகவரி, டெலிசெக் பதிவு எண், பறவை, தேதி எல்லாம் எழுதிவிடுங்கள். நெஞ்சுக்கறி மெல்லிய துண்டாகப் போட்டுப் பொரிக்க ஏற்றது. காலும் தொடையும் நரம்பு ஓடிக் கடினமாக இருக்கும் என்று இங்கே பலர் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அதை நம் வீட்டுக்குக் கேட்டு வாங்குங்கள். குக்கரில் நன்றாக வேகவைத்து, நரம்பை உருவிவிட்டு, மிளகு தூக்கலாகக் குழம்பு வையுங்கள்.