ஒரு கோடு சிக்னல் இருந்தும் அழைப்பு போகாதபோது

2022 பிப்ரவரி 28 அன்று வெள்ளத்தில், ஆஸ்திரேலியாவின் லிஸ்மோரில் வில்சன்ஸ் ஆறு 14.4 மீட்டரைத் தொட்டது. ஊருக்கு வெளியே மேட்டில் இருந்த எங்கள் வீடு தப்பியது, மின்சாரம் போய்விட்டது. ஊருக்குள் இருந்த நண்பர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. போனில் ஒரு கோடு சிக்னல். அழைத்தால் உடனே துண்டிக்கப்பட்டது.

சிம்மைக் கழற்றிப் போட்டேன், போனை அணைத்துப் போட்டேன், மேட்டின் உச்சிக்கும் ஏறிப் பார்த்தேன். அப்புறம் ஜெனரேட்டரை ஓட்டி ஸ்கை மஸ்டர் மோடத்தை இயக்கினேன். செயற்கைக்கோள் இணையம் என்பதால் உள்ளூர் டவர் போனாலும் அது வேலை செய்யும். கனமழை கொட்டும்போது மட்டும் அறுந்துபோகும். மழை ஓய்ந்ததும் இணையம் வந்தது. டவருக்குப் பதில் வைஃபை வழியாக அழைக்க உதவும் வைஃபை காலிங் ஆன் செய்துதான் இருந்தது. அப்படியும் அழைப்பு போகவில்லை.

காரணம் அந்த ஒரு கோடுதான். தூரத்து டவரின் மெலிந்த சிக்னலை விடாமல் பிடித்துக்கொண்டு, போன் வைஃபை பக்கம் திரும்பவே இல்லை. ஏரோபிளேன் மோடைப் போட்டு, பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்தேன். தேங்கிக் கிடந்த குறுஞ்செய்திகள் வரிசையாக இறங்கின. நண்பர்கள் சதர்ன் கிராஸ் பல்கலைக்கழக முகாமில் பத்திரமாக இருந்தார்கள். அப்பாடா!

செயற்கைக்கோள் வழியாகப் பேசும்போது பதில் குரல் அரை நொடிக்கு மேல் தாமதமாக வரும். ஒருவர் முடித்த பிறகு மற்றவர் பேசினால் தெளிவாகக் கேட்கும்.