டிராகன் ஜிக்சாவா? கண்ணிலிருந்து தொடங்குங்கள்

கணினியில் ஜிக்சா புதிர் என்றாலே ஓரத் துண்டுகளைத்தான் முதலில் தேடுவோம். 20-க்கு 15 என்று வெட்டிய 300 துண்டுப் படத்தில் ஓரத்துக்கு 66 துண்டுகள்தான். ஆனால் மாயாஜாலப் படங்களில் அந்த ஓரம் பெரும்பாலும் கருநீல வானமாகவோ பனிமூட்டமாகவோ இருக்கும். அங்கேயே சலிப்புத் தட்டிவிடும். டிராகனின் கண், மந்திரக்கோலின் நுனியில் எரியும் ஒளி, கோட்டைச் சன்னல் என்று பளிச்சென்று தெரிவதை முதலில் சேர்த்துவிடுங்கள். செதில்களில் மட்டும் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள், எல்லாம் ஒரே பச்சை. செதில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்: கழுத்தில் ஒரு திசை, வால் வளைவில் வேறு திசை. அப்புறம், திரையின் இரவு நேர மஞ்சள் ஒளியை அணைத்துவிடுங்கள். அது நீலச் சாயல்களை மங்கவைத்துவிடும்.