மகப்பேறு விடுப்புக்குப் பின் வேலைக்குத் திரும்பும்போது பொறுப்புகளைப் பங்கிட்டுக்கொள்வது எப்படி?

மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பவிருக்கும் தாய் முதலில் செய்ய வேண்டிய காரியம், குழந்தையையும் வீட்டையும் சேர்ந்த பொறுப்புகளைக் கணவரோடு முழுமையாகப் பங்கிட்டுக்கொள்வதுதான். காலையில் சீக்கிரம் எழுவது, அன்றைய வேலைகளைப் பட்டியல் போடுவது போன்ற யோசனைகள் அதற்குப் பிறகே பயன் தரும். எப்போது எது நடக்க வேண்டும் என்பதையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் வேலை ஒருவர் தலையிலேயே கிடக்கும்வரை, எவ்வளவு நேரம் மிச்சப்படுத்தினாலும் அவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்காது. முதல் குழந்தை பிறந்த பின் வரும் மாதங்களில் ஏற்படும் வேலைப் பங்கீடு பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிலைத்துவிடுவதால், இந்தக் கட்டுரை அந்தக் காலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வருமானத்தின் பக்கமும் கதை இதேதான். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2023-இல் பெற்ற கிளாடியா கோல்டின், வளமான நாடுகளில் இன்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே உள்ள ஊதிய இடைவெளி பெரும்பாலும் ஒரே தொழிலில் இருப்பவர்களிடையே காணப்படுகிறது என்றும், அது பெரிதும் முதல் குழந்தையின் பிறப்போடு தோன்றுகிறது என்றும் காட்டினார்.

பங்கீடு என்பது, கணவர் கேட்டதைச் செய்து கொடுப்பதோடு முடிந்துவிடக் கூடாது. ஒரு பொறுப்பை நினைப்பது, திட்டமிடுவது, செய்து முடிப்பது ஆகிய மூன்றும் ஒரே கைக்கு மாற வேண்டும். தடுப்பூசியை எடுத்துக்கொள்வோம். அடுத்த தவணை எப்போது என்று அட்டையில் பார்ப்பது, மருத்துவரிடம் நேரம் கேட்பது, அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு சொல்வது, மாற்று உடையும் டயப்பரும் பையில் எடுத்துவைப்பது, ஊசி போடும்போது குழந்தையை மடியில் பிடித்துக்கொள்வது, அன்றிரவு காய்ச்சல் வந்தால் எழுந்து பார்ப்பது, அட்டையைத் திரும்பவும் இருந்த இடத்தில் வைப்பது ஆகிய அனைத்தும் சேர்ந்ததுதான் 'தடுப்பூசி' என்ற ஒற்றை வரி. இதில் வண்டி ஓட்டிச் செல்வதை மட்டும் கணவர் ஏற்றுக்கொண்டால், மனைவியின் மனத்திலிருந்து ஒரு துளிச் சுமையும் இறங்கவில்லை. ஆகவே தடுப்பூசி, துணி, மளிகை, இரவுப் பால், காப்பகத்துடனான பேச்சு என்று ஒவ்வொன்றையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே ஒருவர் பெயரைக் குறியுங்கள். 'இருவரும்' என்று எழுதிய வரிகள் சில வாரங்களிலேயே தாயிடம் வந்து சேர்ந்துவிடும். ஒப்படைத்த பொறுப்பை அவர் தம் வழியில் செய்யட்டும். பொத்தானை மாற்றிப் போட்டார் என்பதற்காக அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க உங்களுக்கும் கொஞ்சம் பொறுமை வேண்டும். தனியாகக் குழந்தையை வளர்க்கும் தாய்க்கு இந்தத் தாள் இன்னும் அவசியம். உறவினரோ தோழியோ 'ஏதாவது வேண்டுமென்றால் சொல்' என்று கேட்கும்போது, அதிலிருந்து ஒரு முழு வரியை எடுத்துக் கொடுத்துவிட முடியும்.

அலுவலகத்துடனான பேச்சை விடுப்பு முடிவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். உலகத் தொழிலாளர் அமைப்பு 2000-ஆம் ஆண்டில் ஏற்ற 183-ஆம் எண் உடன்படிக்கை, குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பையும், பழைய பதவிக்கோ அதே ஊதியமுள்ள இணையான பதவிக்கோ திரும்பும் உரிமையையும், பாலூட்டுவதற்கான இடைவேளைகளை ஊதியத்துடன் கூடிய பணி நேரமாகக் கணக்கிடுவதையும் வலியுறுத்துகிறது. அதற்கு ஒப்புதல் அளித்த நாடுகளையே அது கட்டுப்படுத்தும் என்பதால், உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பணி விதிகளையும் நீங்களே ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. கேட்க வேண்டியவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள். எந்தத் தேதியில் சேருவது, எந்த வேலைகள் திரும்பக் கைக்கு வருகின்றன, பால் எடுப்பதற்கு உள்ளிருந்து தாழிடக்கூடிய அறை எது என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருந்தால், மேலாளர் மாறினாலும் பேசியது மாறாது. முடிந்தால் புதன் அல்லது வியாழக்கிழமை வேலையில் சேருங்கள். முதல் வாரம் சிறியதாக இருப்பது உடலுக்கும் மனத்துக்கும் பெரிய உதவி.

தாய்ப்பால் பற்றி இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் திட்டமில்லாமல் திரும்பும் தாய்மார் பலர் முதலில் கைவிடுவது இதைத்தான். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு தக்க உணவோடு 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. விடுப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டால், எடுத்து வைத்த பாலே வழி. வேலைக்குச் சேர்வதற்குச் சில வாரங்கள் முன்பே, புட்டியிலோ சிறு கிண்ணத்திலோ பால் குடிக்கக் குழந்தையைப் பழக்குங்கள். முதல் சில முறை அதை வேறொருவர் கொடுக்கட்டும்; தாயின் வாசனை அருகில் இருக்கும்போது பல குழந்தைகள் புட்டியைத் தொடுவதே இல்லை. அலுவலகத்தில் ஏறக்குறைய 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, குழந்தை குடிக்கும் நேரங்களை ஒட்டிப் பால் எடுத்தால் சுரப்பு குறையாமல் இருக்கும். மார்பு கட்டிக்கொண்டு வலி எடுப்பதும் தவிர்க்கப்படும். அந்த நேரங்களை அலுவலக நாட்காட்டியில் முன்கூட்டியே அடைத்து வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அங்கே யாராவது ஒரு கூட்டத்தை வைத்துவிடுவார்கள்.

எடுத்த பாலை 25 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம் வரையிலும், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாட்கள் வரையிலும் வைக்கலாம். ஃப்ரீசரில் வைத்த பாலை 6 மாதங்களுக்குள் பயன்படுத்திவிடுவது சிறந்தது. இவை ஆரோக்கியமாக, நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கான அளவுகள்; குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவர் சொல்வதே கணக்கு. பெட்டியின் கதவைத் திறந்து மூடும்போது வெப்பம் ஏறி இறங்கும் என்பதால், பாலைக் கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக வையுங்கள். ஒரு பையில் 60 முதல் 120 மில்லி வரை ஊற்றித் தேதியை எழுதிவிட்டால் வீணாவது குறையும். குழந்தை வாய் வைத்துக் குடித்து மீந்த பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையேல் கொட்டிவிட வேண்டும். உறைந்து உருகிய பாலை மீண்டும் உறைய வைக்கக் கூடாது. மைக்ரோவேவில் சூடாக்கவே கூடாது: பாலின் ஒரு பகுதி மட்டும் கொதித்து குழந்தையின் வாயைச் சுட்டுவிடும். வெந்நீர் நிறைந்த பாத்திரத்தில் புட்டியைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தாலே போதும்.

காப்பகமானாலும் வீட்டிலேயே பார்த்துக்கொள்பவரானாலும், குழந்தையை முதல் நாளே முழு நேரம் விடாதீர்கள். இரண்டு வாரங்கள் முன்பிருந்தே, முதலில் நீங்களும் உடனிருந்து ஒரு மணி நேரம், பிறகு நீங்கள் இல்லாமல் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று நீட்டுங்கள். பல குழந்தைகளுக்கு 8 மாதத்தை ஒட்டி, பிரிந்தால் அழும் பருவம் தொடங்குகிறது. அது வளர்ச்சியின் அடையாளம் என்பதால் மனம் கலங்க வேண்டியதில்லை. கவனத்தைத் திருப்பிவிட்டுச் சொல்லாமல் நழுவுவது எளிதாகத் தோன்றும். ஆனால் அடுத்த நாளிலிருந்து குழந்தை உங்களைக் கண் பார்வையிலிருந்து விலகவே விடாது. ஒரு முத்தம், 'அம்மா சாயங்காலம் வந்துவிடுவேன்' என்ற ஒரு வாக்கியம், உடனே புறப்பாடு: தினமும் இதே வரிசையில் நடந்தால் குழந்தை பழகிக்கொள்கிறது.

காப்பகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் சளியும் காய்ச்சலும் அடிக்கடி வரும். அந்த நாளில் யார் விடுப்பு எடுப்பது என்று காலை 7 மணிக்கு, தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்தால், அது பெரும்பாலும் அம்மாவாகவே முடியும். திங்கள், செவ்வாய் உங்களுடையது, புதன், வியாழன் கணவருடையது, வெள்ளிக்கிழமை மாறி மாறி என்று முன்னமே வகுத்து, காப்பகத்தில் இருவர் கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிடுங்கள். தந்தையின் எண் முதலில் இருக்கட்டும் என்பது என் தாழ்மையான, ஆனால் உறுதியான கருத்து.

அலுவலகத்தில் கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்து நல்லெண்ணத்தின் வடிவில் வருகிறது. 'அவருக்குக் கைக்குழந்தை இருக்கிறது, சிரமப்படுத்த வேண்டாம்' என்று, உங்களைக் கேட்காமலேயே, பயணமும் புதிய பொறுப்பும் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். ஆண்டு முடிவில் பதவி உயர்வுப் பேச்சு வரும்போது உங்கள் பெயரின் எதிரில் எழுத எதுவும் இருக்காது. எனவே சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலாளரிடம், எதை இப்போது செய்ய முடியும், எதை ஆறு மாதம் கழித்து ஏற்க விருப்பம், எதையும் முடிவு செய்யும் முன் உங்களைக் கேட்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மாலையில் புறப்படும் நேரத்தையும் அதே உரையாடலில் சொல்லிவிடுவது நல்லது. அதற்காகத் தினமும் மன்னிப்புக் கேட்க வேண்டிய அவசியமில்லை.

பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் ஆண்டின் எந்தக் கட்டத்திலும் தலைகாட்டலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் அழுகையும் வெறுமையும் நீடித்தாலோ, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராவிட்டாலோ, அதை வேலைக் களைப்பு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். உங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தால் அன்றே செல்லுங்கள். குணமாகக்கூடிய நோய் அது.

வேலையை விட்டுவிடலாமா என்ற எண்ணம் பலருக்கு முதல் மூன்று மாதங்களில் எழுகிறது. தூக்கம் மிகவும் குறைந்திருக்கும் அந்த நாட்களில் முடிவெடுக்காமல் ஒரு தேதியைக் குறித்துத் தள்ளிவையுங்கள். அந்தத் தேதி வரும்போது காப்பகச் செலவைத் தாயின் சம்பளத்தில் மட்டும் கழித்துப் பார்க்காதீர்கள். குழந்தை இருவருடையது, செலவும் இருவர் வருமானத்திலிருந்தே போக வேண்டும். இன்றைய சம்பளத்தோடு, இடைவெளி விட்டால் இழக்கும் ஊதிய உயர்வுகளையும் ஓய்வூதியச் சேமிப்பையும் கணக்கில் சேருங்கள். அதன் பிறகும் முழு நேரம் இயலாது என்று தோன்றினால், சில மாதங்களுக்குப் பகுதி நேரப் பணி கேட்கலாம். அந்தக் கடிதத்தில் முழு நேரத்துக்குத் திரும்பும் தேதியையும், நேரம் குறையும் அளவுக்கு எந்தெந்த வேலைகள் வேறொருவருக்கு மாற்றப்படுகின்றன என்பதையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். இல்லாவிட்டால் பாதிச் சம்பளத்துக்கு முழு வேலை செய்ய நேரும்.