தோட்டாக் கூடு மறுஅளவாக்கம்: ஸ்ப்ரே மசகை எப்படி அடிப்பது?

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு, வெடியழுத்தத்தில் துப்பாக்கி அறையின் அளவுக்கு உப்பிவிடும். அதைப் பழைய அளவுக்கு நெரித்துக் கொண்டுவருவது சைசிங் டையின் வேலை. டை எஃகு, கூடு பித்தளை. நடுவே மெல்லிய மசகுப் படலம் இல்லையென்றால், ஏழெட்டுக் கூடுகூடத் தாண்டாது. ஒன்று உள்ளே போய் இறுகிக்கொள்ளும். ரைஃபிள் கூடுகள் மாதிரி கழுத்து குறுகியவற்றுக்கு மசகு கட்டாயம். நேர்ச்சுவர் கொண்ட கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு கார்பைடு (எஃகைவிடக் கடினமான பொருள்) டை வைத்திருந்தால் மசகில்லாமலே ஓட்டலாம். ஆனாலும் லேசாக அடித்தால், கூட்டை டைக்குள் அழுத்தும் பிரஸ்ஸின் கைப்பிடி இலகுவாக இறங்கும், தோள்பட்டை வாழ்த்தும்.

சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவாக்கும் மறுநிரப்பலுக்கு உரிமம் தேவைப்படும் நாடுகள் பல. அதைச் சரிபார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

1. முதலில் சுத்தம்

கூடுகளைத் துடையுங்கள், முடிந்தால் டம்ளரில் (கூடுகளை உருட்டிச் சுத்தம் செய்யும் இயந்திரம்) போட்டு எடுங்கள். மணலோ கரியோ ஒட்டியிருந்தால் டையின் உட்புறத்தில் கீறல் விழும். அந்தக் கீறல் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு கூட்டிலும் கோடு போடும். வாயருகே வெடிப்பு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம், இரண்டில் எது தெரிந்தாலும் அந்தக் கூடு குப்பைக்கு.

டை புதிதா? துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய் உள்ளே இருக்கும். கரைப்பான் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

2. எந்த ஸ்ப்ரே?

தோட்டாக் கூட்டுக்கான மசகு என்றே விற்கும் ஸ்ப்ரேக்கள் பொதுவாக இரண்டு ரகம். ஒன்று, லானோலினை (ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் மெழுகுப் பொருள்) ஆல்கஹாலில் கரைத்தது. இன்னொன்று, காய்ந்ததும் மெழுகு மாதிரி படியும் ஏரோசால். இரண்டுமே வேலை செய்யும். கீல், பூட்டுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். இந்த அழுத்தத்தில் அதன் படலம் பிதுங்கி ஓடிவிடும்.

வீட்டிலேயே கலக்கலாம். திரவ லானோலின் 1 பங்கு, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் 12 பங்கு. 30 மில்லிக்கு 360 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 சதவீத ஆல்கஹாலில் தண்ணீர் இருப்பதால் லானோலின் சரியாகக் கரையாது. லானோலின் கெட்டியாக இருந்தால் அதன் பாட்டிலை மட்டும் வெந்நீரில் வைத்து இளக்குங்கள். ஆல்கஹால் பக்கத்தில் நெருப்பே கூடாது, ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

3. அடிக்கும் முறை

கூடுகளைத் துளைப்பலகையில் வாய் மேல்நோக்கி நிறுத்துங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். லானோலின் அடியில் தங்கும் குணம் கொண்டது. மேலிருந்து சாய்வாக, ஏறக்குறைய 45 பாகையில் அடித்துக்கொண்டே பலகையை நான்கு பக்கமும் திருப்புங்கள். சாய்வாக அடிப்பதற்குக் காரணம் உண்டு. கழுத்தின் உட்புறத்திலும் துளி படவேண்டும். டைக்குள் இருக்கும் விரிப்புக் குண்டு வெளியே வரும்போது கழுத்தை உள்ளிருந்து உரசும். அங்கே காய்ந்திருந்தால் கீச்சென்று கத்தும், கழுத்தையும் இழுத்து நீட்டும்.

பலகை இல்லையா? ஜிப் பையில் கூடுகளைப் போட்டு நாலைந்து முறை அடித்து, உருட்டிப் புரட்டுங்கள். எல்லாப் பக்கமும் படும். அப்புறம் தட்டில் கொட்டிப் பரப்பிவிடுங்கள்.

4. காத்திருங்கள்

தொடங்குபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அடித்த ஈரம் பளபளவென்று தெரிவதால் மசகு தயார் என்று நினைத்து உடனே டைக்குள் ஏற்றுகிறார்கள். அந்த ஈரம் மசகே இல்லை, அது ஆல்கஹால். மசகைக் கூட்டின் மேல் கொண்டுவந்து விடும் வண்டி மாதிரி. அது ஆவியாகி, பின்னால் தங்கும் படலம்தான் உராய்வைக் குறைக்கிறது. ஐந்து நிமிடமாவது விடுங்கள். குளிரும் ஈரக்காற்றும் இருந்தால் இன்னும் கொஞ்சம். ஒரு கூட்டை விரலால் உருட்டிப் பாருங்கள்: நனைந்த உணர்வில்லாமல் மெழுகு தடவியதுபோல் லேசாக வழுக்கினால் சரி.

5. டைக்குள் ஏற்றுதல்

காய்ந்த டையில் ஏறும் முதல் கூட்டுக்கு மட்டும் விரலால் கொஞ்சம் கூடுதலாகத் தடவுங்கள். பிறகு நிதானமாகக் கைப்பிடியை இறக்குங்கள். சீரான எதிர்ப்பு இருக்கும், அது இயல்பு. பாதியில் சட்டென்று கனத்தால் நிறுத்துங்கள். முழு பலத்தோடு அழுத்துவதுதான் கூடு சிக்கிக்கொள்ள நேர்வழி. இன்னும் திரும்பி வரும் நிலையில் இருந்தால் மெல்ல வெளியே எடுத்து, மறுபடி மசகிடுங்கள்.

சிக்கியேவிட்டால் பலமாக இழுக்காதீர்கள். கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டர் அதன் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இதற்கென்றே சிக்கிய கூடு எடுக்கும் கருவி உண்டு. கூட்டின் அடியில் துளையிட்டு, மரை வெட்டி, திருகாணி போட்டு இழுப்பது அதன் முறை.

சைஸ் ஆன முதல் கூட்டின் தோளை, அதாவது உடல் கழுத்தாகக் குறுகும் சரிவைப் பாருங்கள். சின்னக் குழி விழுந்திருந்தால் மசகு அதிகம். திரவம் நசுங்காது, வெளியேற வழியும் இல்லை, அதனால் மெல்லிய பித்தளையை உள்ளே அமுக்கிவிடும். ஆழமில்லாத குழி அடுத்த முறை சுடும்போது தானே நிமிரும். மடிப்பு போலக் கூர்மையாக இருந்தால் எறிந்துவிடுங்கள். டையைத் துடைத்து, அடிக்கும் அளவைக் குறைத்தால் பிரச்சினை அதோடு போய்விடும்.

6. மசகைத் துடைத்தல்

இதைச் சோம்பல்பட்டு விடக்கூடாது. சுடும்போது கூட்டின் சுவர் அறையின் சுவரைக் கவ்விப் பிடிக்கவேண்டும். வெளியே வழுவழுப்பு இருந்தால் அந்தப் பிடி தளர்ந்து, தள்ளுவிசை அதிகமாக போல்ட்டின் (அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகம்) மேல் விழும். உள்ளே மிஞ்சும் மசகு வெடிமருந்தையும், அதற்குத் தீ மூட்டும் ப்ரைமரையும் கெடுக்கும். ஆல்கஹால் நனைத்த துணியால் வெளிப்புறத்தையும், பிரஷ்ஷால் கழுத்தின் உட்புறத்தையும் துடையுங்கள். நிறைய இருந்தால் சோளத்தக்கைத் துகளோடு டம்ளரில் அரை மணி நேரம் ஓடட்டும். பிறகு ஒவ்வொன்றின் அடித்துளையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; ஒரு துகள் அடைத்துக்கொண்டால் போதும், ப்ரைமரின் தீப்பொறி மருந்துக்குப் போய்ச் சேராது. துடைத்து முடித்து, கூடு நன்றாக உலர்ந்த பிறகே புது ப்ரைமரைப் பதியுங்கள்.