குறுக்குக்காற்றில் இறங்கும்போது: சக்கரம் தொட்டதும் ஸ்டிக்கை விடாதீர்கள்

சொந்தமாக விமானம் கட்டி, புதிதாக அதில் பறக்கத் தொடங்கியவர்கள் குறுக்குக்காற்றில், அதாவது ரன்வேக்குக் குறுக்கே அடிக்கும் காற்றில், இறங்குவதை ரன்வே ஓரமாக நின்று பார்த்தால், ஒரு காலத்தில் நாங்கள் எல்லாரும் ஆடிய அதே கூத்துதான் திரும்பவும் நடக்கிறது. காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைப் பார்க்காமல் வருவது, வேகம் குறைந்துபோவது மாதிரி பாலபாடங்களை இங்கே எழுதப் போவதில்லை. அதற்கெல்லாம் உங்கள் பயிற்சியாளர் ஏற்கெனவே திட்டியிருப்பார்.

அடுத்தவர் விமானத்தின் எண்ணை நம்புவது

"இந்த ரகம் 15 நாட் வேகக் குறுக்குக்காற்று வரைக்கும் தாங்குமாமே" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கையேட்டில் போட்டிருக்கும் அந்த எண், பெரும்பாலும் யாரோ ஒரு சோதனை விமானி ஒருநாள் இறக்கிக் காட்டிய அளவு, அவ்வளவுதான். அது விமானத்தின் எல்லையும் இல்லை, உங்கள் திறமைக்கான உத்தரவாதமும் இல்லை. அதிலும், ஒரே கிட்டை (பாகங்களின் தொகுப்பை) வாங்கி இரண்டு பேர் கட்டினால் ரட்டர் (காலால் மிதித்து மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை) எவ்வளவு தூரம் திரும்பும், எடை எங்கே உட்காரும், சக்கரங்கள் எவ்வளவு நேராக இருக்கும் என்று எல்லாமே கொஞ்சம் மாறும். உங்கள் விமானத்துக்கான எண்ணை லேசான காற்றில் தொடங்கிப் படிப்படியாக நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கணக்கு சுலபம். காற்று ரன்வேக்கு 30 டிகிரி கோணத்தில் வந்தால் அதில் பாதி குறுக்கே அடிக்கும், 45 டிகிரி என்றால் 70 சதவீதம், 60 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 90 சதவீதம். 12 நாட் காற்று, கஸ்ட் (திடீர் வீச்சு) 20 என்று சொன்னால் 20-ஐ வைத்துப் போடுங்கள். நிறையப் பேர் 12-ஐ வைத்துப் போட்டுத் தங்களையே சமாதானப்படுத்திக் கொள்கிறார்கள்.

கடைசித் திருப்பத்தில் ரட்டரால் இழுப்பது

பேஸ் லெக்கில், அதாவது ரன்வேக்கு நேராகத் திரும்புவதற்கு முந்தைய குறுக்குப் பாதையில், காற்று முதுகில் இருந்தால் ரன்வேயின் நேர்கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். உடனே கால் ரட்டரை மிதிக்கும், திருப்பம் இறுகும், உள்பக்க இறக்கை முதலில் ஸ்டால் ஆகும், அதாவது தூக்குவிசையை இழக்கும். அந்த உயரத்தில், சுழன்று விழும் ஸ்பின்னிலிருந்து மீள இடம் கிடையாது. தாண்டிவிட்டால் தாண்டியதுதான், சுற்றிக்கொண்டு மறுபடி வாருங்கள்.

கிராபா, ஸ்லிப்பா என்று சண்டை போடுவது

இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். மூக்கைக் காற்றுப்பக்கம் வைத்து வந்து (கிராப்), தரைக்குப் பக்கத்தில் காற்றுப்பக்க இறக்கையைத் தாழ்த்தி, எதிர் ரட்டரால் மூக்கை நேராக்குங்கள் (ஸ்லிப்).

முழு ஃப்ளாப்

இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃப்ளாப்பை முழுசாக இறக்கக் கட்டாயம் இல்லை.

தொட்டதும் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவருவது

எனக்கு இன்னும் எரிச்சல் வரவழைப்பது இதுதான். பாதி பேர், கடினமான பகுதியையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டுக் கடைசியில் இங்கே கோட்டைவிடுகிறார்கள். இறக்கை தாழ்ந்து, காற்றுப்பக்கச் சக்கரம் முதலில் தொட்டு, அப்புறம் மற்றது தொட்டு, பார்க்கவே அழகாக இருக்கும். அந்த நொடியில் விமானி ஒரு பெருமூச்சு விடுவார், கூடவே கையும் தளர்ந்து, இறக்கையைச் சாய்க்கும் கைப்பிடியான ஸ்டிக் நடுவுக்கு வந்துவிடும்.

என்ன ஆகிறது என்று பாருங்கள். 50 நாட் வேகத்தில் இருக்கும்போது 10 நாட் குறுக்குக்காற்று உங்களுக்கு 11 டிகிரி கோணத்தில்தான் வருகிறது. 20 நாட்டுக்குக் குறைந்ததும் அதே காற்று 27 டிகிரியில் பக்கவாட்டில் அடிக்கும். காற்று கூடவில்லை, நீங்கள்தான் மெதுவாகிவிட்டீர்கள். வால் துடுப்பை அது தள்ள, மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பும். வேகம் பாதியானால் ஏலரான் (ஸ்டிக்கால் அசையும் இறக்கைப் பலகை), ரட்டர் இரண்டின் பலமும் கால்பங்காகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதாவது, தொட்ட பிறகு உங்களுக்கு வேண்டியது அதிக ஏலரான். வேகம் குறையக் குறைய ஸ்டிக்கைக் காற்றுப்பக்கம் தள்ளிக்கொண்டே போய், மெதுவாக உருளும்போது அது கடைசிவரை ஒதுங்கியிருக்க வேண்டும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எதிர்ப்பக்க ஏலரான் கீழே இறங்கி அந்தப் பக்கம் இழுவையைக் கூட்டுவதால், மூக்கு காற்றுப்பக்கம் ஓடாமல் இருக்கக் கொஞ்சம் உதவும்.

வாலில் சிறு சக்கரம் உள்ள டெயில்வீல் விமானத்தில் கொஞ்சமும் இரக்கம் கிடையாது. ஈர்ப்பு மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தொடங்கிய திருப்பம் தானாகவே பெரிதாகும். விமானம் தரையிலேயே சுழன்றுவிடும் கிரவுண்ட் லூப் அப்படித்தான் பிறக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் வருடக்கணக்காகக் கொட்டகையில் உட்கார்ந்து கட்டிய டெயில்வீல் விமானத்தை நல்ல காற்றில் பஞ்சுபோல இறக்கினார். நாங்கள் கை தட்டத் தயாரானோம். காற்றுப்பக்க இறக்கை மெதுவாகத் தூக்கியது, மூக்கு சுழன்றது, மறுபக்க இறக்கை நுனி தரையில் தேய்ந்தது, ப்ரொப்பெல்லர் மண்ணைக் கொத்தியது. இறங்கி வந்தவர் சொன்ன முதல் வார்த்தை, "திடீர்னு ஒரு கஸ்ட் வந்துடுச்சு." காற்றுப்பை இருந்த நிலையிலிருந்து அசையவே இல்லை! எப்போதும் கஸ்ட்தான் குற்றவாளி, ஸ்டிக் எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ப்ரொப்பெல்லர் தரையில் அடித்தால் எஞ்சினைப் பிரித்து கிராங்க்ஷாஃப்ட்டைச் சோதிக்கச் சொல்வார்கள். இறக்கையை நீங்களே ஒட்டிவிடலாம், எஞ்சின் செலவு அப்படியல்ல.

பெடல் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. மூக்குச்சக்கரம் ரட்டர் பெடலோடு நேரடியாக இணைந்த விமானமாக இருந்தால், எதிர் ரட்டர் மிதித்தபடியே அந்தச் சக்கரத்தைத் தரையில் வைத்தால் அது கோணலாகத் தொட்டு விமானத்தை ஒரு வெட்டு வெட்டும். அது தொடும் நேரத்தில் பெடலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், பெடலை மட்டும்தான். மூக்குச்சக்கரம் தன்போக்கில் சுழலும் வகை என்றால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் வேகம் குறைந்ததும் பிரேக்கால்தான் திசை பிடிக்க வேண்டும்.

கட்டுமானக் கோளாறைக் காற்றின் தலையில் போடுவது

காற்றில்லாத நாளிலும் ஒரே பக்கம் ஓடுகிறதா? அப்படியென்றால் பயிற்சியைக் கூட்டி ஒன்றும் ஆகாது. சக்கர அலைன்மென்ட், டயர் காற்று, உரசிக்கொண்டே இருக்கும் பிரேக், தளர்ந்துபோன டெயில்வீல் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பாருங்கள். தானே கட்டியதில் குறை இருக்கும் என்று ஒத்துக்கொள்ள மனசு வராது, அதனால் இதைக் கடைசியில்தான் பார்ப்பார்கள்.

கோ-அரவுண்டுக்கு வெட்கப்படுவது

ரட்டரை முழுசாக மிதித்தும் மூக்கு நேராகவில்லையா, த்ராட்டிலைத் திறந்து, இறங்காமல் மேலேறிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் முதல் சுற்றில் இறங்காமல், ரன்வேக்கு மேலே தாழ்வாக நேர்கோட்டில் பறந்து பாருங்கள், ரட்டர் மிச்சம் இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

டாக்ஸி

தரையில் உருண்டு போகும்போது காற்று பக்கவாட்டில் முன்னாலிருந்து வந்தால் ஸ்டிக் காற்றுப்பக்கம், பின்னாலிருந்து வந்தால் ஸ்டிக்கை முன்னே தள்ளிக் காற்றுக்கு எதிர்ப்பக்கம். ரன்வேயை விட்டுத் திரும்பும் இடத்தில் இது மாறும், மெதுவாகத் திரும்புங்கள்.